ஊதுகுழலைப் பூட்டி வைத்த ஆறு வாரம்

முந்தாநாள் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி இரண்டு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். இப்போது சென்னையில் சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறாள். மேல் தாடையில் இம்ப்ளான்ட் வைத்த ஒருவருக்கு, அதாவது எலும்புக்குள் உலோகத் திருகை இறக்கி அதன்மேல் செயற்கைப் பல் பொருத்திய ஒருவருக்கு, மூன்றே வாரத்தில் கன்னத்துக்குள் சீழ் பிடித்துவிட்டதாம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி. குனிந்தால் கன்னம் கனக்கிறது. திருகின் நுனி சைனஸுக்குள் எட்டிப் பார்க்கிறது. ஸ்கேன் படத்தை அனுப்பிவிட்டு, நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மறுபடியும் கூப்பிட்டாள்.

“மேடம், நீங்க இந்த மாதிரி கேஸ் பாத்திருக்கீங்களா?”

“இம்ப்ளான்ட்டையே நான் பாத்தது கடைசி காலத்துலதான். ஆனா வாய்க்கும் சைனஸுக்கும் நடுவுல விழற இந்த ஓட்டைய எனக்கு நல்லாத் தெரியும்” என்றேன். “அது இருக்கட்டும். அந்த ஆள் என்ன வேலை செய்யறார்?”

“வேலையா?” மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். “எழுதலை மேடம். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, சிகரெட் பிடிப்பாரா, எல்லாம் எழுதியிருக்கேன். வேலை மட்டும்... கேட்டுச் சொல்றேன்.”

அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பது என்னிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று அவளிடம் போனில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அவளுக்கு பேஷன்ட் வந்துவிட்டதால் நின்றுபோனது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பல் மருத்துவம் படித்தது சென்னையில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர எல்லாம் நன்றாகவே இருந்தது. கல்யாணமானதும் கணவருக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை மாற்றம். எண்பதுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், அந்த ஊரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் நடத்திய சின்ன நர்சிங் ஹோமில் பல் டாக்டராகச் சேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனத்துக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையை ஒட்டி அவர் எடுத்திருந்த ஒற்றை அறையில் பல் பார்க்க வேண்டும். காலால் மிதித்தால் உயரும் நாற்காலி ஒன்று, ஸ்டவ், கொதிநீர்ப் பாத்திரம், கிடுக்கிகள். எக்ஸ்ரே வேண்டுமென்றால் விழுப்புரம் வர வேண்டும்.

அந்த மருத்துவரை நாங்கள் எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருப்பார், அவ்வளவுதான். அறை கூட்டும் ஆயாவிலிருந்து என்வரை எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். அவர் மேஜையில் மூக்குக் கருவிகளுக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கும். ஓர் அறையில் கடுகு, ஒன்றில் கேப்பை, ஒன்றில் உளுந்து, ஒன்றில் துவரை, கடைசியில் தோல் நீக்கிய மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை. வந்த புதிதில் அவர் வீட்டுச் சமையல் சாமான் வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். விஷயம் வேறு. கட்டியோ ஓட்டையோ எதுவாக இருந்தாலும் அவரிடம் போய் ‘பெருசா இருக்கு சார்’ என்று சொல்ல முடியாது. “பெருசுன்னா உங்க வீட்டுப் பெருசா, எங்க வீட்டுப் பெருசாங்க?” என்று கேட்டுப் பெட்டியை நம் பக்கம் தள்ளுவார். நாம் ஒரு தானியத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். கேஸ் ஷீட்டிலும் அப்படியே எழுதுவார்: உளுந்தளவு, துவரையளவு. படித்தவர் செய்கிற காரியமா இது என்று முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் மாதம் நானே பெட்டி இல்லாமல் தடுமாற ஆரம்பித்தேன்.

திண்டிவனத்தில் என் தலைவலி வேறு. பல் பிடுங்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்பதையே யாரும் நம்பவில்லை. காத்திருக்கும் பெஞ்சு கதவை ஒட்டி இருந்ததால் பேசுவதெல்லாம் காதில் விழும். “மணிக்கட்டப் பாரு, வெண்டக்கா கணக்கா கீது. இது எங்க பல்லப் புடுங்கறது? பல்லுதான் இத்தப் புடுங்கும்” என்று ஒருவர் சொல்ல, மொத்தப் பெஞ்சும் சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பல்லையும் ஒரு பந்தயம் மாதிரிதான் பிடுங்கினேன். பல் வெளியே வந்ததும் கிண்ணத்தில் ‘டங்’ என்று சத்தம் வருகிற மாதிரி போடுவேன். பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் இல்லையா?

அப்படி ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமைதான் நடேச பத்தர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது மேல் தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று தனியாக நின்றது. முன்னும் பின்னும் இருந்தவை எப்போதோ போய்விட்டன. அப்படித் தனித்து நிற்கும் மேல் பல் ஆபத்தானது என்று படித்திருந்தேன். கண்ணுக்குக் கீழே கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை உண்டு. அதுதான் சைனஸ். பக்கத்துப் பற்கள் போனபின் அந்த அறை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மிச்சமிருக்கிற பல்லின் வேரைச் சுற்றிக்கொள்ளும். நடுவே முட்டை ஓடு போல ஒரு எலும்புதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லை மூன்றாக அறுத்து, ஒவ்வொரு வேராக எடுக்க வேண்டும். அதற்கு விழுப்புரத்துக்கு அனுப்ப வேண்டும். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘அந்தம்மாவால முடியல, விழுப்புரத்துக்கு அனுப்பிட்டாங்க’ என்று ஊர் பேசுவதைக் கற்பனை செய்தேன். ஊசி போட்டுக் கிடுக்கியை எடுத்தேன்.

பல் அசைந்து கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. இழுத்த இழுப்பில் அவர் கை தானாக மேலே வந்து என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய மெல்லிய ஒற்றை வடச் சங்கிலி. பல்லும் சங்கிலியும் ஒரே நேரத்தில் வந்தன. கிண்ணத்தில் டங். பெஞ்சில் சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே அவர் அறுந்த சங்கிலியை ஆராய்ந்தார். “மன்னிச்சிக்கோங்க டாக்டரம்மா. நான் பத்தரு. இத்த நானே பத்த வச்சித் தர்றேன். ஒட்டு எங்க கீதுன்னு உங்களுக்கே தெரியாது.”

“மொதல்ல வாய மூடி பஞ்சக் கடிங்க” என்றேன் சிரித்துக்கொண்டு. சங்கிலியைப் பர்ஸில் போட்டேன். அவர் போன பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தேன். மூன்று வேரும் முழுதாக இருந்தன. ஒரு வேரின் நுனியில், விரல் நகம் போல மெல்லிய எலும்புச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. பார்த்தேன். பிறகு ‘தாடை எலும்பாக இருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அது தாடை எலும்பு அல்ல, அந்த அறையின் தரை.

அடுத்த செவ்வாய் முதல் ஆளாக வந்து நின்றார். கூடவே மனைவி தனபாக்கியம்.

“கஞ்சி குடிச்சா மூக்கால வருது டாக்டரம்மா. இவரு இன்னாவோ வித்த காட்றாருன்னு நெனச்சேன்” என்றார் அந்த அம்மாள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொன்னேன். பல் இருந்த குழியில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே வழி விழுந்துவிட்டது. குழியின் மேல் எட்டு போட்ட மாதிரி ஒரு தையல் போட்டு, புத்தகத்தில் இருந்த எச்சரிக்கைகளை எல்லாம் ஒப்பித்தேன். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. இரண்டு வாரம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பத்தாம் நாள் வந்தபோது தையல் அறுந்து தொங்கியது. ஓட்டை முன்னைவிடப் பெரிது. வலது மூக்கில் சீழ் நாற்றம்.

“சொன்னேன் இல்ல, மூக்கு சிந்தாதீங்கன்னு?” என்று கத்தினேன். பெஞ்சு வரை கேட்டிருக்கும்.

“சிந்தவே இல்லீங்க. சத்தியமா சிந்தல” என்றார் பத்தர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

“மூக்கத் தொடக்கூட இல்லம்மா” என்றார் தனபாக்கியம். “அவரு பாட்டுக்குக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பட்டறையில குந்திக்கினு, வெளக்க ஊதிக்கினுதான் இருந்தாரு. வேற ஒண்ணும் பண்ணல.”

பொற்கொல்லர் பட்டறையை நான் பார்க்காதவள் இல்லை. எரிகிற விளக்குக்கு எதிரே வளைந்த பித்தளைக் குழலை வாயில் வைத்து, கன்னம் இரண்டும் உப்ப, மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார்கள். சுடர் ஊசியாக நீண்டு தங்கத்தின்மேல் விழும். மூக்கைச் சிந்துவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் போட்ட தையல் எந்தக் கன்னத்தில் இருந்ததோ அந்தக் கன்னத்தை அவர் நாள் முழுக்க உப்ப வைத்திருக்கிறார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார். அவர் பத்தர் என்பது எனக்குத் தெரியாதா? முதல் நாளே வாய் நிறையப் பஞ்சோடு சொன்னாரே. என் சங்கிலியே பர்ஸில் கிடந்ததே. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

“இப்ப ஊதினா காத்து பாதி மூக்கால போயிடுது” என்றார் அவர். “சுடரு நிக்க மாட்டேங்குது டாக்டரம்மா. சின்னப் புள்ளைல இருந்து இது ஒண்ணுதான் தெரியும் எனக்கு. நான் மறுபடி ஊதுவேனா?”

ஊதுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் அவரை விழுப்புரத்துக்கு வரவழைத்துப் பெரிய டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். “என் தப்பு சார்” என்று ஆரம்பித்தேன்.

“அத அப்புறம் பேசிக்கலாங்க. ஓட்டை எவ்ளோ?”

பெட்டியை என் பக்கம் தள்ளினார். துவரையைத் தொட்டேன். அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி, வெளிச்சத்தைத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். “துவரைதாங்க” என்று ஒப்புக்கொண்டார். பிறகு முகத்தை அட்டையில் ஒட்ட வைத்து எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடது கன்னத்துச் சைனஸ் கறுப்பாக, காற்றோடு இருந்தது. வலது முழுக்க வெள்ளை. சீழ் கட்டியிருந்தது. வேர்த்துண்டு எதுவும் தெரியவில்லை.

“மொதல்ல கழுவிடுவோம். சீழ் இருக்கிற வரைக்கும் எந்தத் தையலும் நிக்காதுங்க” என்றார்.

சைனஸைக் கழுவுவதை அவர் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை மூக்குக்குள் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். வாசலில் எத்தனை பேர் நின்றாலும் ஒன்பதாம் நிமிடத்தில் எடுக்க மாட்டார். அந்தப் பத்து நிமிடமும் ஊர்க்கதை பேசுவார். நான் சேர்ந்த முதல் வாரமே என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, என் மூக்கிலும் திரி வைத்து, ‘எப்போ மரத்துச்சின்னு நீங்களே சொல்லுங்க’ என்றவர். எனக்கு ஒன்பதாம் நிமிடம்கூடச் சுரீர் என்றது. பிறகு குழாய் ஊசியை மூக்கின் உள்பக்கம் கீழ்மடிப்புக்கு அடியில் வைத்து, காதைப் பார்த்துத் திருப்பி, ஒரு அழுத்து. மெல்லிய எலும்பு உடையும் ‘நறுக்’ கைக்குத் தெரியும். ரப்பர்ப் பந்தை அமுக்கி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை உள்ளே விட்டதும், சீழும் தண்ணீரும் கலந்து பத்தர் பிடித்திருந்த தட்டில் கொட்டியது. பாதி மூக்கு வழியாக, பாதி என் ஓட்டை வழியாக.

முதல் கழுவலில் கெட்டியான சீழ். ஒரு வாரம் கழித்து இரண்டாம் கழுவலில் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக வந்தது. நாற்றம் இல்லை. இன்னும் ஒரு முறை, பிறகு மூடிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் முறை பத்தர் பத்து நாள் தாமதமாக வந்தார். அறைக்குள் நுழையும்போதே தெரிந்தது. முன்னைவிட மோசமான நாற்றம். கழுவினால் பச்சையாக வந்தது.

பெரிய டாக்டர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “உள்ள ஏதோ இருக்குங்க” என்றார்.

“மூணு வேரையும் எண்ணிப் பாத்தேன் சார்.”

“நீங்க எண்ணினது சரியாத்தான் இருக்கும். வேற ஏதோ இருக்கு. தொறந்து பாத்துடுவோம்.”

பத்தரிடம் கேட்டோம். எதையாவது போட்டீர்களா, மருந்து, பொடி, இலை? ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு ஆட்டினார். நான் அதைக் கவனித்தேன், அவமானம் பிடுங்கித் தின்றதால் மேலே கேட்கவில்லை. ஆடி மாதம் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அது பத்தரே சொன்ன யோசனை. ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டறையில் வேலை இருக்காது. ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். அதற்குள் அவர் ஊத வேண்டும்.

குறித்த நாள் ஆடி அமாவாசைக்கு முதல் நாளாக அமைந்தது. பஸ் எல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட, இருவரும் பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கினார்கள். “அங்காளம்மன் கிட்டப் போவ வேண்டிய நேரத்துல இங்க வந்துக்கீறோம். அவ பாத்துக்குவா” என்றார் தனபாக்கியம்.

முழு மயக்கம் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை. ஊசியில் மரத்துப்போக வைத்தே செய்தோம். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறைக் கீறி விலக்கினால் கன்ன எலும்பு வெள்ளையாகத் தெரியும். அதில் சின்ன உளியும் சுத்தியலும் கொண்டு ஒரு ஜன்னல் திறக்க வேண்டும். “தலைக்குள்ள யாரோ கதவத் தட்ற மாதிரி கேக்கும். வலிக்காதுங்க. வலிச்சா இடது கையத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்” என்று பெரிய டாக்டர் பத்தரிடம் சொன்னார். சொன்னபடியே, ஒவ்வொரு நான்கு தட்டுக்கும் நிறுத்தி அந்த இடது கையைப் பார்த்தார். கை தூக்கப்படவே இல்லை. பத்தர் சுத்தியல் சத்தத்துக்குப் பழகியவர்.

ஜன்னல் திறந்தது. உறிஞ்சு குழாயை வைத்தேன். சீழ் போன பிறகு, அறையின் தரையில் அழுக்கு மஞ்சளாக ஏதோ உருண்டை. பெரிய டாக்டர் சின்ன இடுக்கியால் நசுங்காமல் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மல்லாட்டைப் பருப்பளவு. பஞ்சு இழை இரண்டு ஒட்டியிருந்தது. எலும்பு இல்லை, பல் இல்லை.

“இது என்னங்க?” என்று பத்தரின் கண்ணுக்கு நேரே காட்டினார்.

துணிக்கு வெளியே தெரிந்த அந்த இரண்டு கண்களும் உருண்டையைப் பார்த்தன, என்னைப் பார்த்தன, மூடிக்கொண்டன. வலது கை மெல்ல நீண்டது. அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே ஒரு உருட்டு உருட்டினார். வாயைத் திறந்தபடியே, குழறலாக ஒரு வார்த்தை சொன்னார். மெழுகு.

முழுக் கதையைத் தனபாக்கியம்தான் பிறகு சொன்னார். மூன்றாம் கழுவலுக்கு முன்னால் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் தாலி செய்யக் கொடுத்திருந்தது. தாலிக்குப் பொன் உருக்கும்போது இரண்டு வீட்டாரும் எதிரே வந்து உட்கார்ந்து பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஊதும்போது மூக்கால் காற்றுப் போய்ச் சுடர் அணைந்தால்? தாலிப்பொன் உருக்கும்போது சுடர் அணைந்தது என்று ஊர் பேசினால்?

“நான் ஊதறேன்னு குந்திப் பாத்தேம்மா. ஊதின ஊதுல வச்சிருந்த பொடி, தங்கம் எல்லாம் பறந்துபூட்டுது. ஒரு நாளு பூரா தரையக் கூட்டிக்கினு கெடந்தோம். அப்பறந்தான் இவரு கல்லு பதிக்கிற மெழுக எடுத்து, பஞ்சோட சேத்து உருட்டி, ஓட்டைல வச்சி அடைச்சாரு. நல்லாத்தான் நின்னுச்சி. தாலியும் முடிஞ்சிது. அதுக்கப்பறம் தெனமும் வச்சிக்கினு ஊதினாரு. ஒரு நாளு சோறு துன்னும்போது காணோம். முழுங்கிட்டேன்னு சொன்னாரு.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“நீங்க கத்துவீங்கன்னுதான்.”

அந்த ஒரு பதிலை நான் மறக்கவே இல்லை. அன்று முதல் முறை கத்தாமல் இருந்திருந்தால், மெழுகை உருட்டுவதற்கு முன்பே எங்களிடம் வந்து கேட்டிருப்பார். கன்னத்தில் ஜன்னல் வைக்க வேண்டி வந்ததற்குப் பாதி காரணம் என் தொண்டை.

ஆபரேஷனுக்குத் திரும்புகிறேன். உருண்டையை எடுத்து, சைனஸின் உள்பக்கம் மூக்குக்கு வடிகால் வழி செய்து முடித்ததும், பெரிய டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். “அடைக்கிறது உங்க வேலைங்க” என்று என்னை அங்கே உட்கார வைத்தார். நான் போட்ட ஓட்டை என்பதால் தண்டனையாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று கேட்கவில்லை. ஓட்டையின் ஓரத்தைப் புதிதாகச் சீவினேன். கன்னத்துப் பக்கத்து ஈறைச் சதையோடு பெயர்த்து, அதன் அடிப்புறத்தில் மட்டும் குறுக்கே ஒரு மெல்லிய கீறல் போட்டேன். அப்படிப் போட்டால்தான் அது நீளும். அதை ஓட்டையின் மேல் போர்த்தி அண்ணத்து ஓரத்தோடு தைக்க வேண்டும்.

“இழுத்துத் தைக்காதீங்க” என்றார் அவர் பின்னாலிருந்து. “தானா வந்து படுக்கணும். வரலைன்னா இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க. இன்னிக்கு உங்களுக்கு யார் கிட்டயும் பந்தயம் இல்லீங்க.”

பெஞ்சுக்குக் கேட்கும்படி நான் பல்லைக் கிண்ணத்தில் போடும் கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து தையல்.

இந்த முறை எச்சரிக்கைகளைப் புத்தகத்திலிருந்து ஒப்பிக்கவில்லை. தனபாக்கியத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, காலையில் எழுந்தது முதல் படுக்கிறவரை பத்தர் வாயால் என்னென்ன செய்வார் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். விளக்கு ஊதுவார். கரி அடுப்பு ஊதுவார். பொடி ஒட்டிய நகையை ‘ஃபூ’ என்று ஊதிப் பார்ப்பார். பீடி உறிஞ்சுவார். சூடான டீயை ஊதிக் குடிப்பார். பட்டியல் ஒரு பக்கம் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் ஆறு வாரம் தடை.

“ஊதுகுழலக் குடுங்க” என்றேன் கடைசியாக.

“கொழலா?”

“ஆமா. அது கண்ணுல பட்டா உங்க வாய் சும்மா இருக்காது.”

அடுத்த வெள்ளிக்கிழமை தனபாக்கியம் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முன்பக்கம் வாய் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளத்த, வளைந்த பித்தளைக் குழல். என் கருவி அலமாரியில் கிடுக்கிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். திண்டிவனம் போகிற ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்தால் அது என்னைப் பார்க்கும்.

இரண்டாம் வாரம் தையல் பிரித்தேன். போர்த்திய சதை ரோஜா நிறத்தில் உயிரோடு இருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கேப்பை அளவு இடைவெளி. எனக்கு மனசு விழுந்துவிட்டது. பெரிய டாக்டரிடம் ஓடினேன். பெட்டியில் கேப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

“துவரைலருந்து கேப்பைக்கு வந்திருக்குங்க. அத ஏன் அழுதுகிட்டே சொல்றீங்க?” என்றார். “விட்டுடுங்க. அது தானா மூடிக்கும். மூடிச்சான்னு பாக்கறேன்னு ஊதச் சொல்லி, நாமளே பிச்சிடக் கூடாது.”

நான்காம் வாரம் கேப்பை கடுகாயிற்று. ஆறாம் வாரம் எவ்வளவு தேடியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மூக்கில் நாற்றம் இல்லை. “ஆறு வாரமா வூட்டுல மொளகா தாளிக்கலம்மா, இவரு தும்மிடுவாருன்னு” என்றார் தனபாக்கியம். “அமாவாச விருந்துகூட உப்பு சப்பில்லாம துன்னோம். ரொம்ப பேஜாராப் போச்சி.”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பவித்ரா மறுபடியும் கூப்பிட்டாள். “மேடம், கேட்டுட்டேன். அவர் பஸ் கண்டக்டர். இம்ப்ளான்ட் வச்ச மறுநாளே டூட்டிக்குப் போயிருக்கார். நாள் பூரா விசில்.” அவள் குரலில், அன்று என் காது சுட்டதே, அந்தச் சூடு இருந்தது. திருகை எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, மூடி, விசிலை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறாளாம். இப்போது ஸ்கேன் இருக்கிறது, மூக்கு வழியாகவே உள்ளே பார்க்கும் கருவி இருக்கிறது, கன்னத்தில் உளி வைக்க வேண்டியதில்லை. அந்தக் கண்டக்டர் நன்றாகிவிடுவார். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆவணி பிறந்து இரண்டாம் வெள்ளி, அலமாரியைத் திறந்து ஊதுகுழலை எடுத்துக்கொண்டு நானே பத்தர் பட்டறைக்குப் போனேன். பெரிய டாக்டரும் வந்திருந்தார். திண்டிவனத்தில் வேறு வேலை இருந்தது என்றார். எனக்குத் தெரிந்து ஒரு வேலையும் இல்லை. பத்தர் குழலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளக்கை ஏற்றினார். உடனே ஊதவில்லை.

“அந்தச் சங்கிலி எங்க டாக்டரம்மா?”

நான்கு மாதத்துக்கு மேலாகப் பர்ஸிலேயே கிடந்தது. வேறு பத்தரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அறுந்த இரண்டு வளையத்தையும் கரித்துண்டின்மேல் சேர்த்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியை நுனியில் இட்டார். குழலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. வலது கன்னமும்தான். நான் சுடரைப் பார்க்கவில்லை, அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனபாக்கியம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சுடர் ஊசியாக நீண்டது. ஆடவில்லை. தங்கம் சிவந்து, ஒரு மினுக்கு மினுக்கி, ஒன்றாயிற்று.

பத்தர் குழலைக் கீழே வைத்துவிட்டு, புறங்கையால் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். பெரிய டாக்டர் சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டு எங்கே என்று வெகுநேரம் தேடினார்.

“கடுகளவுகூடத் தெரியலீங்க” என்றார்.

அந்தச் சங்கிலி இப்போதும் என் கழுத்தில்தான் இருக்கிறது. ஒட்டு எங்கே என்று நானும் இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.